மூளைக்கு ஒரு மகுடம்: மாட்டினால் அறிவு ஏறுமா?

2023ஆம் ஆண்டில் வெளிவந்த 'பால்டர்ஸ் கேட் 3' என்ற கணினி விளையாட்டில் லம்ப் என்றொருவன் வருகிறான். பெரியவர்களுக்கான விளையாட்டு என்பதால் உங்களில் பலர் அதை ஆடியிருக்க மாட்டீர்கள். வீட்டில் அண்ணனோ அக்காவோ ஆடும்போது எட்டிப் பார்த்திருக்கலாம். லம்ப், 'ஓகர்' எனப்படும் அரக்க இனத்தைச் சேர்ந்தவன். மலைபோன்ற உடல், கடுகளவு மூளை என்பதுதான் அந்த இனத்துக்குப் பேர். அவனோடு இருக்கும் மற்ற இரண்டு ஓகர்களும் அப்படித்தான். லம்ப் மட்டும் பட்டிமன்ற நடுவரைப்போலச் சொற்களைத் தேர்ந்தெடுத்துப் பேசுகிறான். காரணம், அவன் தலையில் கட்டியிருக்கும் ஒரு பட்டை. அதை அணிந்தவரின் அறிவுத்திறன் 17 புள்ளியாக மாறிவிடும். அந்தப் பட்டை எப்படியாவது உங்கள் கைக்கு வந்துவிட்டால் உங்கள் கதாபாத்திரமும் அறிவாளிதான்.

பட்டையைக் கட்டினோமா, மூளை வளர்ந்ததா என்று முடிந்துவிடும் இந்தக் கற்பனை, தேர்வுக் காலத்தில் யாருக்குத்தான் பிடிக்காது? பிடிக்கும் என்று தெரிந்துதான், உண்மையான தலைப்பட்டைகளையும் சிலர் இணையத்தில் விற்கிறார்கள். மெல்லிய மின்சாரம் பாய்ச்சி மூளையைக் 'கூர்மையாக்கும்' என்பது விளம்பரம். அவற்றை ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முதலில் விளையாட்டின் கணக்கைப் பார்த்துவிடுவோம். அதில் ஒரு சின்னப் புள்ளியியல் பாடமும் இருக்கிறது.

லம்ப்பின் பட்டைக்கு மூலம் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி, 1974இல் அமெரிக்காவில் வெளியான விளையாட்டு அது. கணினியே வேண்டாம், தாள், பென்சில், பகடை, கூடவே நாலு நண்பர்கள் போதும். ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் ஆறு திறன்கள்: உடல்வலிமை, லாவகம், தாக்குப்பிடிக்கும் சக்தி, அறிவுத்திறன், விவேகம், ஆளுமை. பழைய முறைப்படி ஒவ்வொரு திறனுக்கும் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். ஆகக் குறைவு 3, ஆக அதிகம் 18.

மூன்று பகடைகள் விழக்கூடிய வழிகள் மொத்தம் 216. அவற்றில் 18 வருவதற்கு ஒரே ஒரு வழிதான்: மூன்றிலும் ஆறு விழ வேண்டும். ஆனால் 10 வருவதற்கு 27 வழிகள், 11 வருவதற்கும் 27 வழிகள். அதனால் நான்கில் ஒரு கதாபாத்திரத்துக்கு 10 அல்லது 11தான் கிடைக்கும். வரைபடமாகப் போட்டால் நடுவில் உயர்ந்து இரு ஓரங்களிலும் தாழும் மணி வடிவம் வரும். நூற்றுக்கணக்கான மாணவர்கள் எழுதிய ஒரு தேர்வின் மதிப்பெண்களை வரைந்தாலும் பெரும்பாலும் இப்படி ஒரு வடிவத்தைத்தான் காண்பீர்கள்.

இதே விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் வரும் 'அறிவுத் தலைப்பட்டை', அணிந்தவரின் அறிவுத்திறனை 19 ஆக்கிவிடுகிறது. ஏற்கெனவே 19 அல்லது அதற்கு மேல் உள்ளவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஓகரின் வழக்கமான அறிவுத்திறன் 5. அதாவது அவன் அறிவு தேவைப்படும் செயல் ஒன்றைச் செய்யும்போது 20 முகப் பகடையை உருட்டி, வந்த எண்ணிலிருந்து 3ஐக் கழிக்க வேண்டும். 19 உள்ளவரோ 4ஐக் கூட்டிக்கொள்ளலாம். ஒரு புதிரை விடுவிக்க 15 தேவை என்று வைத்துக்கொள்வோம். ஓகருக்குப் பகடையில் 18, 19, 20 ஆகிய மூன்றில் ஒன்று விழ வேண்டும். வாய்ப்பு 15 விழுக்காடு. பட்டையைக் கட்டியதும் 11 விழுந்தாலே போதும். வாய்ப்பு 50 விழுக்காடு. ஒரு துண்டுத் தோல் செய்த வேலை!

பழைய மூன்றாம் பதிப்பில் கணக்கு வேறு. அங்கே பட்டை இருக்கும் எண்ணை அழித்து எழுதாது. 2, 4 அல்லது 6 புள்ளிகளைக் கூட்டும். ஆனால் விதியில் ஒரு நுணுக்கம் வைத்திருந்தார்கள். இயல்பாகவே அறிவு கூடிய கதாபாத்திரத்துக்கு ஒவ்வொரு படிநிலையிலும் கூடுதலான தேர்ச்சிப் புள்ளிகள் கிடைக்கும்; பட்டையால் வந்த அறிவுக்கு அவை கிடைக்கா. புதிய மொழியோ கைத்தொழிலோ பட்டையோடு ஒட்டிக்கொண்டு வராது, பழகித்தான் பெற வேண்டும் என்று விதி எழுதியவர்களே முடிவு செய்திருந்தார்கள். எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும். விளையாட்டு உருவாக்குபவர்கள் சில நேரங்களில் விளம்பரக்காரர்களைவிட நேர்மையானவர்கள்.

புனைகதைகளிலும் இத்தகைய மகுடங்களுக்குப் பஞ்சமில்லை. ஹாரி பாட்டர் கதையில் ரோவீனா ரேவன்கிளாவின் மகுடம் அணிந்தவருக்கு ஞானம் தரும். அதற்கு ஆசைப்பட்டுப் பெற்ற மகளே திருடிக்கொண்டு ஓடுகிறாள். 1956இல் வந்த 'ஃபர்பிடன் பிளானட்' திரைப்படத்தில், அழிந்துபோன ஒரு வேற்றுக்கோள் இனத்தின் கருவியைத் தலையில் மாட்டிய விஞ்ஞானிக்கு அறிவு பெருகுகிறது, கூடவே பெரும் ஆபத்தும் வந்து சேர்கிறது. கதாசிரியர்கள் இலவசமாக எதையும் கொடுப்பதில்லை. விளையாட்டுகளில்தான் இலவசம்.

சரி, உண்மை உலகத்துக்கு வருவோம்.

தலையில் மாட்டும் கருவி மூளையோடு இரண்டு விதமாக உறவு வைத்துக்கொள்ளலாம். மூளையில் நடப்பதைப் படிக்கலாம். அல்லது மூளைக்குள் எதையாவது செலுத்தி மாற்ற முயலலாம். கடைக்காரர் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக் குழப்புவதுண்டு. நீங்கள் குழம்பிவிடாதீர்கள். காதில் மாட்டும் கருவிகளில் ஒலிவாங்கிக்கும் ஒலிபெருக்கிக்கும் எவ்வளவு வேறுபாடோ அவ்வளவு வேறுபாடு இங்கேயும் உண்டு.

செலுத்துவதுதான் பழையது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு ரோமாபுரியில் வாழ்ந்த ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற மருத்துவர், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனைத் தலைமேல் வைக்கும்படி எழுதி வைத்திருக்கிறார். மின்சாரம் என்ற சொல்லே இல்லாத காலத்தில் மின்சாரத் தொப்பி! 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியரான ஜியோவானி ஆல்டினி, அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்த மின்கலத்தை மனச்சோர்வு கொண்டவர்களின் தலையில் இணைத்துப் பார்த்தார். தவளையின் காலை மின்சாரத்தால் துடிக்க வைத்த கல்வானி அவருக்குத் தாய்மாமன்.

இன்றைய ஆய்வுகளுக்கு அடிக்கல் 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நடப்பட்டது. மைக்கேல் நிட்ஷே, வால்டர் பவுலஸ் என்ற இருவர், உப்புநீரில் நனைத்த பஞ்சு மின்முனைகளைத் தலையில் பொருத்தி 1 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டத்தைச் சில நிமிடங்கள் செலுத்தினார்கள். கை அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதி தூண்டலுக்கு எவ்வளவு எளிதில் பதில் தருகிறது என்று அளந்தார்கள். நேர்மின்முனை அந்தப் பகுதியின் மேல் இருந்தபோது பதில் கூடியது. எதிர்மின்முனை இருந்தபோது குறைந்தது. மாற்றம் 40 விழுக்காடு வரை இருந்தது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் நீடித்தது.

இது எப்படி வேலை செய்கிறது? ஓய்வில் இருக்கும் நரம்பணுவின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின்தன்மை கொண்டது. அது 55 மில்லிவோல்ட் அளவுக்குக் குறையும்போது நரம்பணு 'சுடும்'. அதாவது மின்துடிப்பு ஒன்றை அனுப்பும். தலையின் மேல் வைத்த மின்முனை இந்த 70ஐ ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகத்தான் நகர்த்துகிறது. அதனால் நரம்பணு சுட்டுவிடாது. சுடும் விளிம்புக்கு மிகச் சற்றே நெருங்கும், அவ்வளவுதான். எம்ஆர்டி ரயிலில் நிற்கும் உங்கள் தோளை யாரோ லேசாகத் தொடுவதைப் போன்றது. நீங்கள் ஏற்கெனவே ஒரு காலைத் தூக்கியிருந்தால் தொடுதல் கணக்கில் வரும். உறுதியாக நின்றிருந்தால் உங்களுக்கே தெரியாது.

ஏன் இவ்வளவு குறைவு? வழியில் தோல் இருக்கிறது, மண்டையோடு இருக்கிறது. இறந்தவர்களின் உடலைக் கொண்டு 2018இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, தலைமேல் செலுத்தும் மின்னோட்டத்தில் 75 விழுக்காடு வரை தோலிலும் மண்டையோட்டிலுமே தேய்ந்துபோவதாகக் கணக்கிட்டது. மின்சாரம் எப்போதும் தடை குறைந்த வழியை நாடும். ஈரமான தோல் நல்ல கடத்தி, எலும்போ மோசமான கடத்தி. எனவே பெரும்பங்கு நெற்றித் தோலைச் சுற்றி வந்து மறுமுனைக்குப் போய்விடுகிறது. மின்னோட்டத்தைக் கூட்டினால் என்ன என்று கேட்கலாம். கூட்டினால் முதலில் எரிவது தோல்தான்.

இந்த நிலையில்தான் 2013இல் 'ஃபோகஸ்' என்ற தலைப்பட்டை விற்பனைக்கு வந்தது. விலை 249 அமெரிக்க டாலர். குறிவைத்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? கணினி விளையாட்டு ஆடுபவர்களை! டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பட்டை பகடை மேசையை விட்டு எழுந்து கடைத்தெருவுக்கே வந்துவிட்டது போலிருந்தது. நெற்றியில் மின்முனைகள், கைப்பேசியில் செயலி, ஒரு தட்டு தட்டினால் மின்னோட்டம்.

நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பட்டையை வாங்கிச் சோதித்தார்கள். முடிவு 2016இல் வெளிவந்தது. அவர்கள் அளந்தது செயல் நினைவு. ஒரு தொலைபேசி எண்ணைக் காதில் வாங்கி, பொத்தான்களை அழுத்தி முடிக்கும்வரை மனத்தில் பிடித்து வைத்திருக்கிறீர்களே, அந்த நினைவு. மனக்கணக்குக்கும் நீண்ட வாக்கியத்தைப் புரிந்துகொள்வதற்கும் அதுவே அடிப்படை. பட்டை உண்மையிலேயே இயங்கியபோது, பங்கேற்றவர்கள் அது இயங்காதபோது செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள். மேம்படவில்லை என்பதோடு நிற்கவில்லை, குறைந்தது. அறிவுத்திறன் கூட்டும் பொருளை வாங்கிக் கட்டினால் புள்ளி இறங்கியது என்றால் விளையாட்டில் நீங்கள் அதை 'சாபம் பெற்ற பொருள்' என்று சொல்லிக் குப்பையில் எறிவீர்கள். ஒரு பட்டை, ஒரு வகைச் சோதனை, சிறிய ஆய்வு. இதை மட்டும் வைத்து எல்லாக் கருவிகளையும் தீர்ப்பிட முடியாது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து அலசியபோதும், ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒருமுறை மின்னோட்டம் செலுத்துவதால் சிந்தனைத் திறனில் நம்பத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். பட்டை இயங்குகிறதா இல்லையா என்று அணிந்தவருக்குத் தெரிந்துவிடாதா? மின்னோட்டம் பாயும்போது தோல் குறுகுறுக்குமே! இதற்கு ஆய்வாளர்கள் ஓர் அழகான தந்திரம் வைத்திருக்கிறார்கள். 'போலித் தூண்டல்' குழுவினருக்கும் முதல் அரை நிமிடம் அளவுக்கு உண்மையான மின்னோட்டத்தைச் செலுத்திவிட்டு மெல்ல நிறுத்திவிடுவார்கள். குறுகுறுப்பு தொடக்கத்தில்தான் அதிகம்; பிறகு தோல் பழகிவிடும். அதனால் இரு குழுவினருமே தங்களுக்கு மின்சாரம் பாய்கிறது என்று நம்புவார்கள். சோதனை நடத்துபவருக்கும் யார் எந்தக் குழு என்று சொல்ல மாட்டார்கள். இவ்வளவு கட்டுப்பாடு ஏன்? நம்பிக்கையே மதிப்பெண்ணை மாற்றக்கூடியது. 1900இல் வெளிவந்த 'ஓஸ் நகரத்து மந்திரவாதி' கதையில், மூளை வேண்டும் என்று அலையும் வைக்கோல் பொம்மையின் தலைக்குள் மந்திரவாதி தவிட்டையும் குண்டூசிகளையும் திணித்து அனுப்புகிறார். பொம்மைக்கு ஒரே மகிழ்ச்சி. வழியெல்லாம் நல்ல யோசனைகளைச் சொல்லிவந்தது அதே பொம்மைதான் என்பதைக் கவனித்த பிள்ளைகள் அந்த இடத்தில் சிரிப்பார்கள்.

இப்போது கட்டுரையின் மையத்துக்கு வருகிறோம். எப்போதாவது தூண்டல் உண்மையிலேயே பலன் தந்தால், அது எங்கிருந்து வருகிறது?

ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் தெரேசா யுகுலானோவும் ரோய் கோஹன் கடோஷும் 2013இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். புதிதாக உருவாக்கப்பட்ட குறியீடுகளை எண்களாகக் கற்க வேண்டும் என்பது பங்கேற்றவர்களின் வேலை; ஒரு புது எண்மொழி என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் மின்னோட்டம் பெற்றவர்கள் குறியீடுகளை விரைவாகக் கற்றார்கள். ஆனால் கற்றதை யோசிக்காமலே சட்டென்று பயன்படுத்தும் தன்மை அவர்களிடம் குறைந்தது. நெற்றிக்குப் பின்னுள்ள பகுதியில் மின்னோட்டம் பெற்றவர்களுக்கு அப்படியே நேர்மாறு: கற்பது மந்தமானது, கற்றதைத் தன்னிச்சையாகப் பயன்படுத்துவது மேம்பட்டது. ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கியது.

ஏழாம் வாய்பாட்டை நினைத்துப் பாருங்கள். அதைப் புதிதாகக் கற்பது ஒரு திறன். கேட்ட நொடியில் '56' என்று வாய் சொல்வது இன்னொரு திறன். கணக்குத் தேர்வில் உங்களுக்கு இரண்டும் வேண்டும். ஒன்றைத் தூக்கிவிட்டு இன்னொன்றைத் தாழ்த்தும் பட்டையை எந்த எண்ணால் குறிப்பீர்கள்?

அதே ஆய்வுக்குழு அடுத்த ஆண்டில் வெளியிட்ட முடிவு இன்னும் சுவையானது. கணக்கு என்றாலே வயிற்றைக் கலக்கும் சிலருக்கும், கணக்கைக் கண்டு அஞ்சாத சிலருக்கும் நெற்றிப் பகுதியில் ஒரே மாதிரித் தூண்டல் தரப்பட்டது. அஞ்சியவர்கள் எளிய கணக்குகளுக்கு முன்பைவிட வேகமாகப் பதிலளித்தார்கள். அவர்களின் உமிழ்நீரில் பதற்றத்தைக் காட்டும் கார்ட்டிசோல் சுரப்பும் குறைந்தது. அஞ்சாதவர்களோ மெதுவானார்கள். போதாக்குறைக்கு, கவனச்சிதறலை ஒதுக்கித் தள்ளும் திறனை அளந்த இன்னொரு சோதனையில் இரு குழுவினருக்குமே பின்னடைவு. ஒரே கருவி, ஒரே மின்னோட்டம், ஒரே இடம். ஆளுக்கு ஆள் பலன் தலைகீழ். உங்கள் நண்பருக்கு உதவிய பட்டை உங்களுக்கு உதவும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

விளையாட்டுப் பட்டைக்கும் உண்மைப் பட்டைக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான். விளையாட்டில் 'அறிவுத்திறன்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 5 என்று எழுதியிருந்ததை அழித்துவிட்டு 19 என்று எழுதினால் வேலை முடிந்தது. மூளையில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. ஏறக்குறைய 86 பில்லியன் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு பகுதியும் பல வேலைகளில் பங்கெடுக்கிறது, ஒவ்வொரு வேலையும் பல பகுதிகளில் நடக்கிறது. சில பகுதிகள் ஒன்றையொன்று அடக்கி வைத்துத்தான் சமநிலை காக்கின்றன. உடல் எடையில் 2 விழுக்காடு மட்டுமே உள்ள இந்த உறுப்பு, உடலின் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டை ஏற்கெனவே தின்றுகொண்டிருக்கிறது. சும்மா கிடக்கும் ஒரு மூலையை மின்சாரம் எழுப்பிவிடும் என்று எதிர்பார்க்க இடமில்லை. அப்படிச் சும்மா கிடக்கும் மூலை எதுவும் இல்லை. நாம் மூளையில் பத்து விழுக்காட்டைத்தான் பயன்படுத்துகிறோம் என்ற பழைய கதையை இன்னும் நம்பிக்கொண்டிருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

இதைச் சொல்வதால் இந்த ஆராய்ச்சியே வீண் என்று எண்ண வேண்டாம். மனச்சோர்வு போன்ற நோய்களுக்கு மருத்துவர்களின் மேற்பார்வையில் இம்முறை சோதிக்கப்பட்டு, ஓரளவு நம்பிக்கையான முடிவுகளும் வந்துள்ளன. நோயால் சாய்ந்த சமநிலையைச் சற்று நிமிர்த்துவது வேறு, சரியாக நிற்பதை இன்னும் நிமிர்த்துவது வேறு.

கவலை தருவது வீட்டுச் சோதனைகள்தான். இணையத்தில் பார்த்துவிட்டு மின்கலத்தையும் கம்பியையும் வைத்துத் தாங்களே கருவி செய்து தலையில் பொருத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் 2016இல் இத்துறை ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து, வீட்டில் சோதிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். மின்முனைக்குக் கீழுள்ள பகுதி மட்டுமல்லாமல் மற்றப் பகுதிகளும் பாதிக்கப்படலாம், ஒன்றில் கிடைக்கும் பலன் இன்னொன்றில் இழப்பாகலாம், மாற்றம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பது புலப்படவில்லை என்பதெல்லாம் அதில் இருந்தன. கருவியை விற்பவர்களுக்கு இல்லாத கூச்சம், அதை ஆராய்ந்தவர்களுக்கு இருந்தது.

தோல் எரிவதற்கான காரணத்தை நீங்களே சொல்லிவிடலாம்; இயற்பியல் பாடத்தில் ஓமின் விதியைப் படித்திருப்பீர்கள். மின்னழுத்தம் மாறாதபோது, மின்தடை குறைந்தால் மின்னோட்டம் ஏறும். தோலின் மின்தடை வியர்வை, ஈரம், சிராய்ப்பு என்று நிமிடத்துக்கு நிமிடம் மாறும். பஞ்சு காய்ந்து ஒரு மூலை மட்டும் தோலைத் தொட்டால் மொத்த மின்னோட்டமும் அந்தப் புள்ளியில் குவியும். ஆய்வுக்கூடக் கருவியில் மின்னோட்டத்தை ஒரே அளவில் காக்கும் சுற்றும், அளவு மீறினால் துண்டிக்கும் ஏற்பாடும் உண்டு. வெறும் மின்கலத்துக்கு அந்த அறிவு இல்லை. மேலும், நான் மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் பெரியவர்களிடம் நடத்தப்பட்டவை. உங்கள் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும். வளரும் மூளையில் அதே மின்னோட்டம் அதே விளைவைத் தரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே 'சும்மா ஒருமுறை' என்றுகூட வேண்டாம்.

இனி மற்ற வகைக்கு வருவோம்: படிக்கும் பட்டைகள். இவை மூளைக்குள் எதையும் செலுத்துவதில்லை. மூளை தானே எழுப்பும் மின்னலைகளைத் தோலின் மேலிருந்து கேட்கின்றன. அந்த அலைகளை மனிதரிடம் முதன்முதலில் 1924இல் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர். அவரைத் தூண்டியது என்ன தெரியுமா? இளைஞராகக் குதிரைப்படையில் இருந்தபோது அவர் ஒரு விபத்தில் மயிரிழையில் உயிர்தப்பினார். தொலைவில் இருந்த சகோதரியோ அதே நாளில் அவருக்கு ஏதோ ஆபத்து என்று பதறியதால் வீட்டிலிருந்து தந்தி வந்தது. எண்ணங்கள் காற்றில் பயணம் செய்கின்றனவோ என்று தேடப் போனார் பெர்கர். அது கிடைக்கவில்லை. கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது நொடிக்கு 8 முதல் 13 முறை ஏறி இறங்கும் அலை கிடைத்தது. ஐந்து ஆண்டுகள் சரிபார்த்துவிட்டு 1929இல்தான் உலகுக்குச் சொன்னார். இந்த அலைகளின் அளவு சில பத்து மைக்ரோவோல்ட். ஒரு சாதாரண 1.5 வோல்ட் மின்கலத்தோடு ஒப்பிட்டால் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. கண் சிமிட்டினாலே அலை குழம்பிவிடும்.

இந்த வகைப் பட்டையைக் கொண்டு நம் சிங்கப்பூரிலேயே ஒரு முயற்சி நடந்திருக்கிறது. மனநலக் கழகம், ஏ-ஸ்டார் ஆய்வு அமைப்பு, டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி ஆகியவற்றின் ஆய்வாளர்கள் கவனக்குறைவுக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்காக 'கோகோலேண்ட்' என்ற கணினி விளையாட்டைப் பயன்படுத்தினார்கள். பிள்ளை தலையில் பட்டையை அணிந்துகொள்ளும். பட்டை மூளை அலைகளைப் படித்துக் கவனத்தின் அளவைக் கணிக்கும். பிள்ளை கவனம் செலுத்தினால் திரையில் இருக்கும் பாத்திரம் ஓடும். கவனம் சிதறினால் அதன் வேகமும் குறைந்துவிடும். விசைப்பலகையைத் தட்டி அதை ஏமாற்ற முடியாது.

2019இல் வெளியான முடிவில் 6 முதல் 12 வயது வரையிலான 172 பிள்ளைகள் பங்கேற்றார்கள். ஒரு குழு 8 வாரம், வாரத்துக்கு மூன்று முறை பயிற்சி பெற்றது. மற்றக் குழு தன் முறைக்குக் காத்திருந்தது. 8 வார முடிவில் மருத்துவர்கள் தந்த கவனக்குறைவு மதிப்பெண், பயிற்சி பெற்றவர்களிடம் சராசரியாக 3.5 புள்ளியும் காத்திருந்தவர்களிடம் 1.9 புள்ளியும் குறைந்திருந்தது. முன்னேற்றம்தான், ஆனால் மிதமானது. சும்மா காத்திருந்தவர்களிடமும் குறைந்திருப்பதைக் கவனித்தீர்களா? அந்தக் குழு இல்லாமல் போயிருந்தால் முழு 3.5 புள்ளியையும் விளையாட்டின் கணக்கில் எழுதியிருப்போம். தவிர, காத்திருந்தவர்கள் போலிப் பட்டை எதையும் அணியவில்லை. எனவே பலனில் எவ்வளவு அலைகளைப் படித்ததால் வந்தது, எவ்வளவு வாரந்தோறும் அமைதியாக உட்கார்ந்து ஒன்றில் ஈடுபட்டதால் வந்தது என்று இந்த ஆய்வைக் கொண்டு மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. இங்கே பட்டை பிள்ளையின் தலைக்குள் எதையும் சேர்க்கவில்லை. கண்ணாடியைப்போலக் கவனத்தைக் காட்டியது. ஓடியது பிள்ளை.

இத்தனை கட்டுப்பாடுகள் ஏன் தேவை என்பதை உங்கள் வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். மின்சாரம் வேண்டாம், காகிதம் போதும். காகிதத்தில் ஒரு தலைப்பட்டை செய்து, வேண்டுமானால் மேலே மின்னும் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். வகுப்பைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரியுங்கள். ஒருவர் எட்டு இலக்கங்களை நிதானமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டு முடித்த பிறகு நினைவிலிருந்து எழுத வேண்டும். இப்படிப் பத்து வரிசைகள். சரியாக எழுதிய இலக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். முதல் நாள் 'அ' குழு பட்டை அணியட்டும், 'ஆ' குழு வெறுந்தலையோடு எழுதட்டும். மறுநாள் வேறு எண்களை வைத்துக்கொண்டு குழுக்களை மாற்றுங்கள்.

எல்லாரும் பட்டை அணிந்து எழுதியதன் சராசரியையும் அணியாமல் எழுதியதன் சராசரியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். பிறகு 'ஆ' குழுவை மட்டும் தனியாக எடுத்து, அவர்களின் முதல் நாள் மதிப்பெண்ணை இரண்டாம் நாள் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாம் நாளில் எல்லாருக்குமே கொஞ்சம் பழகிப்போயிருக்கும் என்பதால், அந்தக் காகிதப் பட்டை வேலை செய்ததுபோலத் தோன்ற நல்ல வாய்ப்பு உண்டு.